மெல்பர்னிலிருந்து பெர்த்துக்குக் காரில்: குழந்தைகள், அம்மா, கூடாரம். நல்லர்போர் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கொங்குநாட்டான்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேலை பெர்த்துக்கு மாறிவிட்டது. வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். நாங்கள் காரிலேயே போகலாம் என்று இருக்கிறோம். செப்டம்பர் கடைசியில் விக்டோரியாவில் பள்ளி விடுமுறை விட்டதும் கிளம்பி அடிலெய்டு, போர்ட் அகஸ்டா, செடுனா, நல்லர்போர் சமவெளி, நார்ஸ்மன் என்று போய்ச் சேருவதாகத் திட்டம். எப்படிப் பார்த்தாலும் 3,400 கி.மீ. வரும். முடிந்த இடங்களில் எல்லாம் கூடாரம் போட்டுத் தங்க ஆசை.

வண்டியில் நான், மனைவி, 9 வயது மகள், 5 வயது மகன், பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் வலியால் தரையில் உட்கார்ந்து எழ முடியாது. "உங்களை எல்லாம் விட்டுட்டு நான் மட்டும் பிளேன்ல போகமாட்டேன்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

விமானத்தில் போனால் நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், தெரியும். ஆனால் என் பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலியா என்றால் ஒரு விமான நிலையம், இன்னொரு விமான நிலையம், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் நாட்டை அவர்கள் பார்க்க வேண்டும். இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வருமா என்று தெரியவில்லை.

அம்மாவை வைத்துக்கொண்டு கூடாரம் சரிப்படுமா? பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு எப்படி? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெர்த்_மணி

பெர்த்துக்கு நல்வரவு. ஆனால் நான் வேறு மாதிரிதான் சொல்வேன். காரை லாரியிலோ ரயிலிலோ ஏற்றிவிட்டுக் குடும்பத்தோடு விமானத்தில் வாருங்கள்.

செடுனாவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, அடுத்தது நார்ஸ்மனில். நடுவில் 1,200 கி.மீ. அந்த இடைவெளியில் ரோட்ஹவுஸ்கள் உண்டு, அதாவது பெட்ரோல் பங்க், சாப்பாடு, நாலைந்து அறை. வேறு ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு ராத்திரி சர்க்கரை இறங்கினால் என்ன செய்வீர்கள்? ஐந்து வயதுப் பையன் எத்தனை மணி நேரம் சீட்டில் கட்டுப்பட்டு உட்காருவான்? காரில்தான் வருவேன் என்றால் அந்தப் பகுதியை இரண்டே நாளில் கடந்துவிடுங்கள், ரோட்ஹவுஸ் அறையில் தங்குங்கள். கூடாரம் எல்லாம் இந்தப் பயணத்தில் வேண்டாம்.

வன்னிமகள்

மணி அண்ணாவின் கவலை நியாயமானது. அவர் சொல்கிற தீர்வில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு நாளில் கடக்கிறதுதான் இந்தப் பாதையில் ஆபத்தான வேலை.

நாங்கள் அடிலெய்டில் இருக்கிறோம். அம்மா, பிள்ளைகளோடு இந்தப் பாதையால் பேர்த் போய் வந்திருக்கிறோம். ஒரு நாளைக்கு 600 கி.மீ. என்று கணக்குப் போட்டால் விடிய முதலே வெளிக்கிட்டு, பொழுது பட்ட பிறகும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கங்காருக்கள் வீதிக்கு வருகிற நேரமும் அதுதான். 300, மிஞ்சினால் 350 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் ஏறிய பிறகு வெளிக்கிட்டுப் பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் நிறுத்திவிடலாம். நீங்கள் மேற்குப் பக்கம் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். நாலு மணிக்குப் பிறகு சூரியன் நேரே முன் கண்ணாடியில் நிற்கும். வீதி வளைந்தால்தானே அது விலகும்? கெய்குனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் இடையில் 146.6 கி.மீ. வீதி ஒரு இடத்திலும் வளையாது.

இனி அம்மா. தரையில் படுக்கிறதை மறந்துவிடுங்கள். மடக்குக் கட்டில் விற்கிறார்கள். வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள், கதிரை அளவு உயரம் இருந்தால் முழங்காலை மடக்காமல் எழும்பலாம். எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் வாங்கினோம். கட்டிலுக்கு அடியில் கனமான போர்வை ஒன்றை விரிக்க வேண்டும். குளிர் மேலால் வருவதைவிடக் கீழாலதான் வரும், இது படுத்துப் பார்த்தால்தான் தெரியும். செப்டம்பரில் பகலில் நல்ல இதமாக இருக்கும், இரவில் சரியான குளிர்.

ஒவ்வொரு இரவும் கூடாரம் என்று பிடிவாதம் வேண்டாம். ஒரு இரவு கூடாரம், அடுத்த இரவு ரோட்ஹவுஸ் அறை என்று மாற்றி மாற்றிப் போங்கள். அம்மாவுக்கு வெந்நீரில் குளிக்கக் கிடைத்தால் மறுநாள் முழுக்கத் தெம்பாக இருப்பார். பெரும்பாலான ரோட்ஹவுஸ்களில் அறையும் உண்டு, பக்கத்திலேயே கூடாரம் போட இடமும் உண்டு. பள்ளி விடுமுறை என்றபடியால் அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

கூடார முளைகளைப் பற்றி ஒருவரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். கூடாரத்தோடு வருகிற மெல்லிய கம்பி முளை அங்கே உதவாது. மண் ஒரு விரற்கடைதான், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். இரண்டு தரம் அடித்ததும் முளை வளைந்துவிடும். தடித்த எஃகு முளையும் நல்ல சுத்தியலும் கொண்டுபோங்கள். தெற்குக் கடலில் இருந்து வருகிற காற்றை மறிக்க அங்கே மரம் கிடையாது, அதனால் வாகனத்தைக் காற்றுப் பக்கம் நிறுத்திவிட்டு அதன் மறைவில் கூடாரத்தை அடியுங்கள்.

டீசல்_தம்பி

நான் அடிலெய்டு–பெர்த் லாரி ஓட்டுகிறேன், அதனால் என் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரிவதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு யுஹெச்எஃப் ரேடியோ வாங்குங்கள், கையில் வைத்துப் பேசுகிற சின்னது போதும். நெடுஞ்சாலையில் எல்லோரும் 40ஆம் சேனலில் இருப்போம். பின்னால் ரோட் டிரெய்ன், அதாவது பல டிரெய்லர் கோத்த நீள லாரி வந்தால், ஓட்டுநர் "முந்தப் போகிறேன்" என்று சொல்வார். அப்போது பதறி ஓரத்துச் சரளையில் இறங்காதீர்கள். பிரேக்கையும் மிதிக்காதீர்கள். உங்கள் வரிசையிலேயே ஒரே வேகத்தில் போங்கள். நான் பாதி தாண்டிய பிறகு கொஞ்சம் ஆக்சிலரேட்டரை விட்டால் போதும். எங்கள் வண்டி 35 மீட்டருக்கு மேல் நீளம், சட்டென்று எதுவும் செய்ய முடியாது. எதிரே வரும் லாரி கடக்கும்போது காற்று உங்கள் காரை ஒரு தள்ளுத் தள்ளும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், மேலே கூரைப் பெட்டி இருந்தால் அந்தத் தள்ளல் இன்னும் அதிகமாகத் தெரியும்.

கங்காருவைப் பற்றி அக்கா சொல்லிவிட்டார். பகலில் கழுகைப் பாருங்கள். செத்த கங்காருவைத் தின்ன ஆப்புவால் கழுகுகள் ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். சிறகை விரித்தால் இரண்டு மீட்டர் வரும். காக்கை மாதிரி டக்கென்று பறக்காது, கனம் அதிகம், அதுவும் வயிறு நிறையத் தின்றிருந்தால் எழும்பவே நேரமாகும். காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். அதாவது உங்கள் வண்டியை நோக்கியே எழும்பலாம். தூரத்தில் கருப்பாக எதையாவது பார்த்தாலே வேகத்தைக் குறையுங்கள்.

பெட்ரோலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு பங்குக்கும் அடுத்ததற்கும் 200 கி.மீ.க்குள்தான். நல்லர்போர் ரோட்ஹவுஸிலிருந்து பார்டர் வில்லேஜ் 188, பல்லடோனியாவிலிருந்து நார்ஸ்மன் 191. பாதி டேங்க் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். விலை நகரத்தைவிட நிறையக் கூடுதல், அதைப் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். மேற்கே போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று. ஆள் நிறைந்து, கூரைப் பெட்டியும் வைத்த காரில் மைலேஜ் நன்றாகவே அடிவாங்கும்.

தண்ணீர்தான் முக்கியம். அந்தச் சமவெளியில் ஆறு, ஓடை எதுவும் கிடையாது, பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும். ரோட்ஹவுஸ்காரர்களே உப்புத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் பிழைக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேனை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். செடுனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குடிக்க மட்டும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 4 லிட்டர், சமைக்கவும் கழுவவும் தனி.

ஒரு வேண்டுகோள். லாரி நிறுத்தும் இடங்களில் கூடாரம் போடாதீர்கள். எங்களுக்குத் தூங்க வேண்டிய நேரம் சட்டப்படி விதித்தது, இடம் இல்லையென்றால் அடுத்த இடம் எங்கேயோ இருக்கும். கார்களுக்கும் கேரவனுக்கும் தனி ஓய்விடங்கள் உண்டு.

அடுப்படி

சாப்பாட்டு விஷயத்தில் பார்டர் வில்லேஜ்தான் உங்கள் கோடு. அங்கே மேற்கு ஆஸ்திரேலியாவின் விவசாயச் சோதனைச் சாவடி இருக்கிறது, காரைத் திறந்து பார்ப்பார்கள். பழம், பச்சைக் காய்கறி, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். நம் வீட்டுப் பையில் இருக்கும் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் இதில் சேரும். பூந்தொட்டியோடு துளசியும் கறிவேப்பிலைச் செடியும் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். முழு விதைகள், கொட்டைகளுக்கும் விதி உண்டு, கிளம்புமுன் அரசு இணையதளத்தில் ஒரு தடவை பாருங்கள். சமைத்த உணவுக்குத் தடை இல்லை.

அதனால் கணக்கு இப்படி: செடுனாவில் இரண்டு நாளைக்கான காய்கறி மட்டும் வாங்குங்கள். எல்லைக்கு முந்தின இரவு மிச்சம் இருப்பதை எல்லாம் போட்டுப் பெரிய சாம்பாராக வைத்துவிடுங்கள், அது மறுநாளும் ஆகும். எல்லை தாண்டிய பிறகு நார்ஸ்மன் வரை புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வற்றல் குழம்பு, அப்பளம். ரோட்ஹவுஸில் பர்கரும் சிப்ஸும் கிடைக்கும், சர்க்கரை உள்ள அம்மா அதையே இரண்டு நாள் சாப்பிட முடியாது. கோதுமை ரவையை வீட்டிலேயே வறுத்துக் கொண்டுபோனால் உப்புமா பத்து நிமிஷம்.

குக்கர் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பைச் சுற்றி மறைக்கும் மடக்குத் தகடு இல்லாவிட்டால் அந்தக் காற்றில் விசில் வரவே வராது, சிலிண்டர்தான் தீரும்.

பெர்த்_மணி

எல்லாம் சரி. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால்?

இந்தியாவிலிருந்து விசிட்டர் விசாவில் வந்தவருக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. அம்மாவின் காப்பீட்டில் ஆம்புலன்ஸும் ஏற்கெனவே உள்ள சர்க்கரையும் அடங்குமா என்று பாலிசியை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இதைப் பார்க்காமல் வந்து, பிறகு பில்லைப் பார்த்து அழுதார்கள். ரோட்ஹவுஸ் பக்கம் தவிர மற்ற இடங்களில் போன் சிக்னல் இல்லை. செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் போனோ, அவசர உதவிக் கருவியோ கையில் இருந்தால்தான் நான் சமாதானமாவேன்.

டீசல்_தம்பி

மணி அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு. அந்தக் கருவி வாடகைக்கும் கிடைக்கிறது. பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் மீட்புக் குழுவுக்குப் போய்விடும். வழியில் நெடுஞ்சாலையின் மேலேயே விமான ஓடுதளக் கோடுகள் வரைந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அவசரத்துக்கு இறங்குவதற்காக அந்த இடங்கள். சாலையை மறித்துவிட்டு இறக்குவார்கள். அந்தப் பலகை வந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கொங்குநாட்டான்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாலிசியைப் பார்த்தேன், ஏற்கெனவே உள்ள நோய்க்குத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது, சேர்த்துவிட்டேன். அம்மாவின் டாக்டரிடமும் பேசிவிட்டோம், மாத்திரைகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு வாங்கி இரண்டு பையில் பிரித்து வைக்கிறோம்.

வன்னி அக்கா, ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? மனைவி படங்களைப் பார்த்துவிட்டு "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்கிறார்.

வன்னிமகள்

தம்பி, படத்தில் அது வராது.

ஹெட் ஆஃப் பைட்டைத் தவறவிட வேண்டாம். நல்லர்போர் ரோட்ஹவுஸுக்குச் சற்று முன்னால் கடல் பக்கம் திரும்புகிற பாதை. மே, ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்கும் தெற்கத்தித் திமிங்கிலங்கள் குட்டி ஈன வருகிற இடம். செப்டம்பர் கடைசியில் கொஞ்சம் புறப்பட்டிருக்கும், ஆனாலும் தாயும் குட்டியும் நிற்க வாய்ப்பு உண்டு. மேட்டிலிருந்து இறங்குகிற மரப்பாதையில் நின்றால் நேர் கீழே தண்ணீர். நாங்கள் பார்த்த தாய் அசையாமல் கிடந்தது. குட்டி அதன் முதுகில் ஏறுவதும் மறுபக்கம் வழுக்கி விழுவதும் திரும்ப ஏறுவதுமாய் இருந்தது. தாய் மூச்சு விடுகிற சத்தம் மேலே நிற்கிற எங்களுக்குக் கேட்டது. அம்மாவை அங்கிருந்து கூப்பிட முடியவில்லை, "பொறு பிள்ளை, பொறு" என்றபடியே நின்றார். உங்கள் அம்மாவுக்குச் சரிவு கஷ்டமாக இருந்தால் மேல் தளத்திலிருந்தும் பார்க்கலாம்.

அதைக் கடந்தால் பண்டா செங்குத்துப் பாறைக்கரை. சமவெளி அப்படியே அறுத்துவிட்ட மாதிரி முடிந்து, 60 முதல் 120 மீட்டர் கீழே கடல். பார்வையிடங்களில் மட்டும் நில்லுங்கள். விளிம்பு வெளியே திடமாகத் தெரியும், அடியில் கடல் அரித்துக் குடைந்திருக்கும். மகனின் கையை விடவே கூடாது. விளிம்பை ஒட்டிக் கூடாரம் போடுகிற ஆட்களைப் பார்த்து நீங்களும் போடாதீர்கள்.

யூக்லாவில் 1877இல் தொடங்கிய தந்தி நிலையம் மணல் மேட்டுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. பிள்ளைகள் அந்த மணலில் ஓடட்டும். யூக்லா பக்கம் மணிக்கூடும் தனி, இரு மாநில நேரத்துக்கும் இடையில் முக்கால் மணி நேரக் கணக்கில் ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். கைப்பேசி நேரம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அம்மாவின் மாத்திரைக்கு ஒரு பழைய கைக்கடிகாரத்தை மெல்பேர்ண் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். பேர்த் போய்ச் சேர்ந்த பிறகு மாற்றலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறும் நிலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கரையோரம் மிர்னிங் மக்களின் நிலம். ஹெட் ஆஃப் பைட் இருக்கிற யலட்டா பகுதி அனங்கு மக்களுடையது. அவர்களில் பலர் வடக்கே ஊல்டேயா என்ற நீர்நிலையைச் சுற்றி இருந்தவர்கள். 1952இல் அங்கிருந்து யலட்டாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு 1956இலும் 1957இலும் அவர்கள் விட்டுவந்த பக்கத்தில் உள்ள மரலிங்காவில் பிரிட்டன் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது, சிறிய சோதனைகள் 1963 வரை நடந்தன. நிலம் சட்டப்படி அவர்களுக்குத் திரும்பியது 1984இல். நாங்கள் யலட்டாவைக் கடக்கும்போது மகள் "அப்ப அவங்கள் ஏன் தங்கட வீட்டுக்குப் போகேல்லை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் ஊரைவிட்டு எழும்பி வந்தவர். அன்றைக்கு அவர் பேத்திக்குச் சொன்ன கதை வீட்டில் ஒருநாளும் சொல்லாதது. நீண்ட வீதியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனால் அப்படித்தான், கதைக்க நேரம் கிடைக்கும். உங்கள் அம்மாவை முன் சீட்டில் மட்டும் வைக்காமல் பாதி நேரமாவது பிள்ளைகளோடு பின்னால் இருக்கவிடுங்கள்.

நெடுஞ்சாலையை விட்டு யலட்டா நிலத்துக்குள் போக அனுமதி வேண்டும், அதையும் கவனியுங்கள்.

பெர்த்_மணி

வன்னி அக்காவின் பதிவை இரண்டு தடவை படித்தேன். சரி, செப்டம்பரில் போகிறீர்கள் என்பதால் ஒத்துக்கொள்கிறேன். டிசம்பர், ஜனவரி என்றால் இன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2019 டிசம்பரில் நல்லர்போரில் 49.9 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் கூடாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நார்ஸ்மன் வந்ததும் நேராகப் பெர்த்துக்கு ஓடிவராதீர்கள். தெற்கே 200 கி.மீ. இறங்கினால் எஸ்பெரன்ஸ். கேப் லே கிராண்ட் தேசியப் பூங்காவில் லக்கி பே கடற்கரை, வெள்ளை மணலில் கங்காரு வந்து நிற்கும். அங்கே கூடார இடங்களை முன்பதிவு செய்ய வேண்டும், விடுமுறையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஊருக்குள் அருங்காட்சியகத்தில் 1979இல் விழுந்த ஸ்கைலாப் விண்கலத்தின் துண்டுகள் இருக்கின்றன. குப்பை போட்டதற்காக உள்ளூர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது, உங்கள் மகளுக்குப் பிடிக்கும். பிறகு ஹைடனில் அலைப் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

கொங்குநாட்டான்

மணி அண்ணா, லக்கி பேயில் இரண்டு இரவுக்கு இடம் கிடைத்துவிட்டது. இப்போதைக்குத் திட்டம் இது: அடிலெய்டில் ஓய்வு, கிம்பா, செடுனா, நல்லர்போர் ரோட்ஹவுஸில் அறை, யூக்லாவில் கூடாரம், மதுராவில் அறை, பல்லடோனியாவில் கூடாரம், நார்ஸ்மன், எஸ்பெரன்ஸ், ஹைடன், பெர்த். எங்கேயும் மூன்று, மூன்றரை மணிக்கு மேல் வண்டி ஓடாது. மெல்பர்னிலிருந்து அடிலெய்டு 700 கி.மீ.க்கு மேல் என்பதால் நடுவில் ஒரு இரவு தங்கிவிடுகிறோம்.

கட்டில் வாங்கிக் கூடத்தில் போட்டுப் பார்த்தோம். அம்மா மூன்று நாளாக அதில்தான் படுக்கிறார், எழுந்திருக்க யார் கையும் தேவைப்படவில்லை. மனைவிக்கு இன்னும் ஒரே கவலை, ஓய்விடங்களில் கழிவறை. எல்லா இடத்திலும் இருக்குமா?

டீசல்_தம்பி

இருக்காது. பல இடங்களில் ஒரு மேஜையும் குப்பைத் தொட்டியும்தான். மடக்குக் கழிவறை ஒன்று, அதற்கான சின்ன நிற்கும் கூடாரம் ஒன்று வாங்கிவிடுங்கள், அம்மாவின் முழங்காலுக்கும் அது வேண்டும். நார்ஸ்மன் வரை உங்கள் திட்டத்தில் கூடார இரவுகள் எல்லாம் ரோட்ஹவுஸ் பக்கத்தில்தான் வருகின்றன, அங்கே கழிவறை உண்டு. பகலில்தான் தேவைப்படும்.

கிளம்பும் தேதி முடிவானதும் இங்கே போடுங்கள். அந்த வாரம் நான் கிழக்கே வரும் முறை. 40ஆம் சேனலில் "கொங்குநாட்டான்" என்று கூப்பிடுகிறேன்.